விளம்பரத்தில் சொன்ன வாக்கு கோர்ட்டில் செல்லுமா?

ஓணம் நெருங்கிவிட்டால் திருவனந்தபுரத்தில் காலைப் பேப்பரின் எடை கூடிவிடும். செய்தி இருக்கும் முதல் பக்கத்தைக் கண்டுபிடிக்கவே நாலு பக்கம் புரட்ட வேண்டும். டிவி, ஃப்ரிட்ஜ், பட்டுச்சேலை, கார், ஃப்ளாட், நகைக்கடன்... எல்லாவற்றுக்கும் ஓணம் ஆஃபர். நம்ம ஊர் ஆடித் தள்ளுபடிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விளம்பரத்தின் காலடியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி ஓடும்: 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'.

நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கிற கேள்வி இது. (வங்கியில் வேலை பார்த்தால் வட்டியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வரை எல்லாம் தெரியும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை!) "விளம்பரத்தில் சொன்னதை நம்பி நான் பணம் போட்டேன். அவன் சொன்னபடி செய்யவில்லை. சொன்ன வாக்கைக் கோர்ட் மூலமாக வாங்க முடியுமா?"

சுருக்கமான பதில்: சில நேரம் முடியும், பல நேரம் முடியாது. எப்போது முடியும், ஏன் முடியாது என்பதற்குப் பின்னால் 130 வருஷக் கதை இருக்கிறது. லண்டனில் ஒரு ரப்பர் பந்தில் தொடங்கி, நம்ம செக்ரட்டேரியட் வாசல் வரைக்கும் வருகிற கதை. பி.காம் படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா வகுப்பில் முதல் பாதி கேட்ட ஞாபகம் இருக்கும். கும்பகோணத்தில் எங்களுக்கு அந்தப் பாடம் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம். அந்தத் தூக்கத்திலும் விழித்துக் கேட்ட ஒரே கேஸ் இதுதான்.

1889-90 வாக்கில் உலகம் முழுக்க ஒரு இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் பரவியது. 'ரஷ்யக் காய்ச்சல்' என்று பெயர். ஜனங்கள் பயந்து கிடந்த அந்த நேரத்தில் லண்டனில் 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்று ஒரு சாமானை விற்றார்கள். ரப்பர் பந்து, அதற்குள் கார்பாலிக் ஆசிட் கலந்த பொடி, மூக்கில் வைக்க ஒரு குழாய். பந்தை அமுக்கினால் புகை மாதிரி பொடி கிளம்பும், உறிஞ்ச வேண்டும். விலை 10 ஷில்லிங், அதாவது அரை பவுண்டு.

1891 நவம்பரில் பத்திரிகையில் அந்தக் கம்பெனி விளம்பரம் கொடுத்தது. இந்தப் பந்தை தினம் மூன்று வேளை, இரண்டு வாரம், நாங்கள் எழுதியிருக்கிற முறைப்படி பயன்படுத்திய பிறகும் யாருக்காவது இன்ஃப்ளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம். எங்கள் பேச்சில் சத்தியம் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ரீஜென்ட் தெருவில் உள்ள அலையன்ஸ் வங்கியில் 1000 பவுண்டு டெபாசிட் போட்டிருக்கிறோம்.

வங்கிக்காரன் கண்ணில் முதலில் படுவது அந்த 1000 பவுண்டுதான். ஆளுக்கு 100 என்றால் பத்துப் பேருக்கு மேல் தாங்காது. ஊரெல்லாம் காய்ச்சல், டெபாசிட்டோ பத்துப் பேருக்கு! ஆனாலும் 'வங்கியில் பணம் இருக்கிறது' என்ற ஒரு வரி ஜனங்களை எப்படி அசைக்கும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

லூயிசா கார்லில் என்ற பெண்மணி விளம்பரத்தைப் பார்த்து, நவம்பர் 20-ம் தேதி ஒரு பந்து வாங்கினார். தினம் மூன்று வேளை தவறாமல் உறிஞ்சினார். 1892 ஜனவரி 17-ம் தேதி அவருக்கு இன்ஃப்ளுயன்சா வந்தது. அவர் கணவர் சட்டம் படித்தவர். கம்பெனிக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை. இன்னொன்று போட்டார். பதில் இல்லை. மூன்றாவது கடிதத்துக்குக் கையெழுத்து இல்லாமல் ஒரு பதில் வந்ததாம்: மோசடிக்காரர்களிடமிருந்து எங்களைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அந்த அம்மா தினமும் எங்கள் ஆபீசுக்கு வந்து எங்கள் செயலாளர் முன்னால் பந்தை உறிஞ்ச வேண்டும் என்று. கஸ்டமர் கேர் என்ற கலை அப்போதே பிறந்துவிட்டது :-)

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. முதல் கோர்ட்டில் கம்பெனிக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர் ஆஸ்க்வித், பின்னாளில் பிரிட்டனின் பிரதமர் ஆனவர். அங்கே தோற்று, கம்பெனி அப்பீலுக்குப் போனது. 1892 டிசம்பர் 7-ம் தேதி லிண்ட்லி, போவன், ஏ.எல். ஸ்மித் என்ற மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அந்த அம்மாவுக்கு 100 பவுண்டைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

கம்பெனி சொன்ன சாக்குகளும் அதற்கு நீதிபதிகள் சொன்ன பதில்களும் இன்றைக்கும் ரொம்ப சுவாரசியம்.

'இதெல்லாம் விளம்பரத்துக்காகச் சும்மா சொல்வது, யாரும் சீரியஸாக எடுக்கக் கூடாது' என்றார்கள். சும்மா சொன்னவர் எதற்கு வங்கியில் 1000 பவுண்டு போட்டுவிட்டு அதை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள் நீதிபதிகள்.

'உலகத்தில் இருக்கிற எல்லோருடனும் ஒப்பந்தம் போட முடியுமா?' என்றார்கள். வாக்கை உலகத்துக்கே கொடுக்கலாம், முன்வந்து நிபந்தனையை நிறைவேற்றுகிறவரோடு மட்டும் ஒப்பந்தம் ஏற்படுகிறது என்றார் போவன். காணாமல்போன நாயைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் பரிசு என்று விளம்பரம் செய்தால், தேடப்போகிற ஒவ்வொருவரும் முதலில் உங்களுக்குக் கடிதம் எழுதி 'சம்மதம்' சொல்லவா செய்வார்கள்? நாயைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் சம்மதம்.

'நாங்கள் எங்கே லாபம் பார்த்தோம்?' என்றார்கள். பந்து விற்றதே லாபம்தானே? போதாததற்கு, சொன்னபடி தினம் மூன்று வேளை அந்தக் காரப்புகையை உறிஞ்சிய கஷ்டமே அந்த அம்மா கொடுத்த விலை. சட்டத்தில் இதற்கு மறுபயன் என்று பெயர்.

அதற்கப்புறம் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? 1893 பிப்ரவரியில் மறுபடி விளம்பரம் கொடுத்தது. இந்தத் தடவை பரிசு 200 பவுண்டு! ஆயிரக்கணக்கில் பந்து விற்றும் மூன்றே பேர்தான் பரிசு கேட்டார்கள் என்று தோல்வியையே பெருமையாக்கிவிட்டார்கள். ஆனால் கீழே புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: நிபந்தனைகளைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும், சலுகை இன்ன தேதி வரைதான். இன்றைக்கு நம் பேப்பரில் எறும்பு மாதிரி ஊர்கிற வரி இருக்கிறதே, அதன் தாத்தா இதுதான். லூயிசா அம்மாவோ 96 வயது வரை இருந்து 1942-ல் போனார். காரணங்களில் ஒன்றாக டாக்டர் எழுதியது... இன்ஃப்ளுயன்சா!

இனி நம்ம நாட்டுக்கு வருவோம். லண்டன் தீர்ப்புக்கு இருபது வருஷம் முன்னாலேயே இங்கே எழுத்தில் சட்டம் இருந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 செப்டம்பர் 1 முதல் அமல். அதன் 8-வது பிரிவு ரொம்பச் சின்னது. ஒருவர் முன்வைத்த யோசனையில் சொன்ன நிபந்தனையை இன்னொருவர் நிறைவேற்றினாலே அது சம்மதம் என்கிறது. கையெழுத்து வேண்டாம், கடிதம் வேண்டாம். ஆனால் அது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம். திருவனந்தபுரம் அப்போது மகாராஜாவின் திருவிதாங்கூர். சுதந்திரத்துக்குப் பிறகு, 1951-ல்தான் அந்தச் சட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாதிரியான முன்னாள் சமஸ்தானப் பகுதிகளுக்கும் நீட்டப்பட்டது.

8-வது பிரிவை வைத்து அலகாபாத் ஹைகோர்ட்டில் வந்த இரண்டு கேஸ்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டிலும் காணாமல்போனது ஒரு பையன்.

முதல் கேஸ் 1913. முதலாளி வீட்டுப் பையன் காணோம். தேடுவதற்குத் தன் குமாஸ்தாவை ஹரித்வாருக்கு அனுப்பினார் முதலாளி. குமாஸ்தா கிளம்பிப் போன பிறகு, 'கண்டுபிடித்துத் தருபவருக்கு 501 ரூபாய்' என்று நோட்டீஸ் அடித்தார். குமாஸ்தா ரிஷிகேசத்தில் பையனைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்துவிட்டார். பிற்பாடு நோட்டீஸ் விஷயம் தெரிந்து பரிசைக் கேட்டு வழக்குப் போட்டார். கோர்ட் தள்ளிவிட்டது. கண்டுபிடித்தபோது அவருக்கு அந்த வாக்கே தெரியாது, தெரியாத வாக்குக்கு எப்படிச் சம்மதம் சொல்ல முடியும், அதோடு தேடப்போனது அவர் வேலை என்று. லால்மன் சுக்லா கேஸ் என்று எல்லா பி.காம் புத்தகத்திலும் இருக்கும். வேலை பார்க்கிற எவனுக்கும் அதைப் படித்தால் வயிறு எரியும்.

இரண்டாவது 1925-ல் தீர்ந்தது. பையனைக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கொண்டுவருபவருக்கு 500 ரூபாய் என்று நோட்டீஸ். அதைப் படித்திருந்த ஒருவர் ரயில் நிலையத்துச் சத்திரத்தில் பையனை அடையாளம் கண்டு, ரயில்வே போலீசில் ஒப்படைத்து, அப்பாவுக்குத் தந்தி அடித்தார். 'நீ வீட்டுக்குக் கொண்டுவரவில்லையே' என்றார் அப்பா. கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. முக்கால்வாசிக்கு மேல் செய்துவிட்டார், கொடு 500 என்றது.

ஆக, விளம்பர வாக்கு ஒப்பந்தம் ஆக மூன்று வேண்டும். வாக்கு கணக்காக இருக்க வேண்டும்: என்ன செய்தால் எவ்வளவு. கேட்டவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து அவர் செய்திருக்க வேண்டும்.

'அப்படியானால் சாலைக் கடைத்தெருவில் தொங்குகிற ஓணம் ஆஃபர் எல்லாம் ஒப்பந்தமா?' என்றால், அங்கேதான் வேடிக்கை. கடைக்காரர் ஆஃபர் என்று எழுதுவது பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் ஆஃபரே இல்லை. அது அழைப்பு. வாங்க, பாருங்க, விலை கேளுங்க என்கிற அழைப்பு. நீங்கள் சாமானை எடுத்துக் கல்லாவில் வைக்கிறீர்களே, அதுதான் ஆஃபர். கடைக்காரர் பில் போடுவது சம்மதம். 1953-ல் இங்கிலாந்தில் 'பூட்ஸ்' மருந்துக்கடை வழக்கில் இது உறுதியானது. 1968-ல் பறவை விற்க ஒருவர் கொடுத்த விளம்பரத்தையும் அழைப்பு என்றுதான் சொன்னார்கள்.

காரணம் நியாயமானதுதான். கடையில் பத்துப் புடவை இருக்கிறது, விளம்பரம் பார்த்து ஆயிரம் பேர் வருகிறார்கள். விளம்பரமே ஒப்பந்தம் என்றால் மீதி 990 பேருக்கும் அவர் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். வங்கிக் கடன் விளம்பரமும் இப்படித்தான். 'வீட்டுக்கடன் இன்றே!' என்ற போர்டைப் பார்த்து உள்ளே வருகிற எல்லோருக்கும் கடன் கொடுத்தாக வேண்டும் என்றால், கிளைக்குக் கதவே தேவையில்லை.

அமெரிக்காவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1996-ல் பெப்சி ஒரு டிவி விளம்பரம் எடுத்தது. பாயின்ட் சேர்த்தால் டி-ஷர்ட், ஜாக்கெட், கடைசியில் 70 லட்சம் பாயின்டுக்கு ஹாரியர் போர் விமானம். பாயின்ட்டைக் காசு கொடுத்தும் வாங்கலாம் என்பதைக் கவனித்த ஓர் இளைஞர், ஏழு லட்சம் டாலருக்குச் செக்கை அனுப்பி 'எங்கே என் விமானம்?' என்றார். 1999-ல் கோர்ட் அதை ஜோக் என்று தள்ளியது. ஸ்மோக் பால் விளம்பரத்தில் வங்கி டெபாசிட் இருந்தது, இதில் சிரிப்புதான் இருந்தது.

இதுவரை வந்ததெல்லாம் பந்து, புடவை, விமானம். இதே 'வாக்கா, அழைப்பா' என்ற கேள்வி மனுஷனுடைய வேலையில் வந்து உட்கார்ந்தால்? இரண்டு முறை வந்தது. ஒன்று எங்கள் வங்கி உலகத்தில்.

2000-ல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 15 வருஷ சர்வீஸோ 40 வயதோ ஆனவர்கள் எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மிச்சமிருக்கும் மாதங்களுக்கான சம்பளம், எது குறைவோ அது. நாடு முழுக்கச் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். எங்கள் சீனியர்கள் அதை 'வி.ஆர்.எஸ். வெள்ளம்' என்பார்கள். எழுதிக் கொடுத்த சிலர் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, 'வேண்டாம், என் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்று வந்தார்கள். முடியாது என்றன வங்கிகள். எழுதிக் கொடுத்த பிறகு திரும்பப் பெறக் கூடாது என்று திட்டத்திலேயே ஒரு விதி இருந்தது.

வங்கிகளின் வாதத்தைப் பாருங்கள். திட்டம்தான் ஆஃபர், ஊழியர் எழுதிக் கொடுத்ததே சம்மதம், ஒப்பந்தம் முடிந்தது. அதாவது ஸ்மோக் பால் வாதம்! ஊழியர்கள் தரப்போ, திட்டம் வெறும் அழைப்பு, எங்கள் விண்ணப்பம்தான் ஆஃபர், வங்கி ஏற்கும் முன்பு அதை வாபஸ் வாங்க எங்களுக்கு உரிமை இருக்கிறது என்றது. விண்ணப்பத்தை ஏற்கவோ தள்ளவோ வங்கிக்கு முழு உரிமை என்று திட்டம் சொன்னதே ஊழியர்களுக்குக் கைகொடுத்தது. முடிவெடுக்கும் சாவியைத் தன் கையில் வைத்துக்கொண்டவர் 'நான் வாக்குக் கொடுத்தேன்' என்று எப்படிச் சொல்ல முடியும்? 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பேங்க் ஆஃப் இந்தியா - ஸ்வர்ணகார் வழக்கில், இந்தத் திட்டங்கள் அழைப்புதான் என்றது. ஏற்கும் முன் வாபஸ் வாங்கியவர்கள் வாங்கியதுதான். ஆனால் கணக்கில் விழுந்த பணத்தை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டவர்கள் திரும்பி வர முடியாது. அழைப்பு என்ற சொல் பல குடும்பங்களின் சம்பளத்தைக் காப்பாற்றியது.

அதே சொல்லின் மறுபக்கம் வெட்டுகிறதை செக்ரட்டேரியட் வாசலில் பார்க்கலாம். கேரளாவில் பி.எஸ்.சி. என்பது ஒரு தனி மதம். பட்டத்தில் இருக்கிற பி.எஸ்.சி. ஆபீஸ் ஒரு அறிவிப்பு வெளியிட்டால் லட்சக்கணக்கில் விண்ணப்பம். பரீட்சை, பிறகு ராங்க் லிஸ்ட். லிஸ்டில் பேர் வந்துவிட்டால் வீட்டில் பாயசம், சொந்தக்காரர் போன், கல்யாணப் பேச்சு. ஆனால் லிஸ்டுக்கு ஆயுள் உண்டு. அதற்குள் போதிய காலியிடம் தெரிவிக்கப்படாவிட்டால் லிஸ்ட் செத்துப்போகும், கூடவே பலருக்கு வயது வரம்பும் போய்விடும். 2021 பிப்ரவரியில் லாஸ்ட் கிரேடு, சிவில் போலீஸ் ஆபீசர் ராங்க் லிஸ்டில் இருந்த இளைஞர்கள் செக்ரட்டேரியட் முன்னால் வெயிலில் தார் ரோட்டில் முழங்காலில் நகர்ந்து போராடினார்கள். பார்த்தவர் யாருக்கும் நெஞ்சு பிசைந்திருக்கும்.

ஒப்பந்தச் சட்டம் அவர்களுக்கு உதவுமா? 1991-லேயே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சங்கர்சன் தாஸ் வழக்கில் சொல்லிவிட்டது. வேலைக்கான அறிவிப்பு, தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்ற அழைப்பு மட்டுமே. பட்டியலில் பேர் வந்தாலும் நியமனம் கேட்க அசைக்க முடியாத உரிமை இல்லை. அரசு மனம்போன போக்கில் நடக்கக் கூடாது, காரணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தினம் மூன்று வேளை பந்தை உறிஞ்சியது மறுபயன் ஆயிற்று. மூன்று வருஷம் கோச்சிங் சென்டரில் உட்கார்ந்தது ஆகவில்லை. தர்க்கம் சரிதான். ஆனால் இழப்பு அந்தப் பையன்களுடையது மட்டும்.

அரசு சொன்ன எதுவும் அரசைக் கட்டாதா என்றால், அப்படியும் இல்லை. 1968 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில், புதிய தொழிற்சாலைகளுக்கு மூன்று வருஷம் விற்பனை வரி கிடையாது என்று பேப்பரில் செய்தி வந்தது. கான்பூரில் வனஸ்பதி ஆலை வைக்க நினைத்த ஒரு கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு அதிகாரிகளிடம் கேட்டு எழுத்திலும் உறுதி வாங்கியது. கடன் வாங்கி ஆலையைக் கட்டியது. பிறகு அரசு பின்வாங்கியது. 1978 டிசம்பரில் மோதிலால் பதம்பத் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாக்கை நம்பி ஒருவன் தன் நிலையை மாற்றிக்கொண்ட பிறகு அரசு பேச்சு மாறக் கூடாது என்றது. முறையான ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வாக்கு கட்டும்! பேப்பர் செய்தி மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, எழுத்தில் வாங்கிய உறுதிதான் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியது. இந்த இடத்தைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்ததில் ஒரு விஷயம் தெரிகிறது. கணக்காகச் சொன்னவன் மாட்டிக்கொள்கிறான். வழவழ என்று சொன்னவன் தப்பிக்கிறான். '100 பவுண்டு' என்றவன் கட்டினான். 'அழகு தேடி வரும்' என்கிறவனை எந்த ஒப்பந்தச் சட்டத்தால் பிடிப்பது? அதற்குப் பதில் சொன்னதில் நம்ம கேரளாக்காரர்களுக்குப் பங்கு உண்டு.

2015-ல் வயநாட்டில் ஒரு பெரியவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். இந்துலேகா சோப்பு விளம்பரத்தில் மம்மூட்டி வந்து, அழகு உங்களைத் தேடி வரும் என்றார். நானும் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், வரவில்லை என்பது புகார். 50,000 ரூபாய் கேட்டார். ஊரே சிரித்தது. ஆனால் 2016 தொடக்கத்தில் கம்பெனி 30,000 ரூபாய் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அடுத்தது திருச்சூர். தாத்ரி ஹேர் க்ரீம் தடவினால் ஆறு வாரத்தில் முடி வளரும் என்ற விளம்பரத்தை நம்பி ஒருவர் 2012-ல் 376 ரூபாய்க்கு வாங்கினார். முடி வரவில்லை, வீட்டில் கிண்டல்தான் வந்தது. மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். விளம்பரத்தில் வந்த நடிகர் அனூப் மேனோனை விசாரித்தபோது, தான் அந்த க்ரீமைப் பயன்படுத்தியதில்லை, அம்மா காய்ச்சித் தரும் எண்ணெயைத்தான் தேய்ப்பதாகச் சொன்னார். கம்பெனியும் நடிகரும் ஆளுக்கு 10,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. 2021 ஜனவரியில் பேப்பரில் எல்லாம் வந்தது. தொகை சின்னதுதான். ஆனால் பொருளை விற்காத, விளம்பரத்தில் முகம் மட்டும் காட்டிய ஒருவரும் பதில் சொல்ல வேண்டும் என்றது பெரிய விஷயம்.

இங்கே ஒப்பந்தம் ஏற்பட்டதா என்ற கேள்வியே எழவில்லை. சொன்னது உண்மையா, நம்பி வாங்கியவர் ஏமாந்தாரா என்பதுதான் கேள்வி. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2019) இதை இன்னும் இறுக்கியது. திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் நடிப்பவருக்கும் அபராதம், ஒரு வருஷம் வரை விளம்பரத்தில் தோன்றத் தடை. தான் பரிந்துரைப்பது உண்மையா என்று சரிபார்த்திருந்தால் தப்பிக்கலாம். 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள் நம்ம எறும்பு வரியையும் பிடித்தன. பெரிய எழுத்தில் சொன்னதைச் சின்ன எழுத்தில் மறுக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் கிளைக்கு அடிக்கடி வருவார். 72 வயது, பேப்பரை வரி விடாமல் படிப்பவர். ஒருநாள் ஒரு வங்கியின் டெபாசிட் விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்துவந்தார். பெரிய எண்ணில் வட்டி விகிதம். அங்கே போய்க் கேட்டால் குறைவாகச் சொன்னார்களாம். "பத்ரத்தில் இங்ஙனேயல்லல்லோ கொடுத்திரிக்குன்னது, சாரே?" என்றார். பேப்பரில் இப்படிப் போடவில்லையே என்கிறார். நான் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு அடியில் படித்தேன். அந்த எண் 80 வயது தாண்டியவர்களுக்கு, அதுவும் குறிப்பிட்ட நாட்களுக்கு. இன்னும் எட்டு வருஷம் பொறுக்க வேண்டும் மாஷே என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் அவர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசும், வரிசையில் நின்ற காலும் யார் கணக்கில்?

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். டெபாசிட்டில் விளம்பரம் அழைப்பு, ரசீதுதான் ஒப்பந்தம். ரசீதில் அச்சான விகிதத்தையும் முதிர்வுத் தொகையையும் கவுன்டரை விட்டு நகரும் முன் படியுங்கள். விளம்பரத்தை நம்பிப் பெரிய தொகை போடுவதாக இருந்தால், அந்தக் கான்பூர் கம்பெனி செய்த மாதிரி, 'இது எனக்குப் பொருந்துமா?' என்று எழுதிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரு ஈமெயில் போதும். 'வட்டியே இல்லாத தவணை' என்றால் இரட்டைக் கவனம். அந்த மாதிரித் திட்டங்களில் வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்பதால்தான் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குக் கண்டிப்பான சுற்றறிக்கை அனுப்பியது. விளம்பரத்தையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். திருச்சூர்க்காரரிடம் பில் இல்லாமல் இருந்திருந்தால் கதை வேறு.

ஏமாந்துவிட்டால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.

கணக்காகக் கொடுத்த வாக்கை ஒப்பந்தச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. வழவழ வாக்கை நுகர்வோர் சட்டம் இப்போது பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் விழுகிறவர்கள் அழைப்பை நம்பி வயதைக் கொடுத்தவர்கள். ராங்க் லிஸ்ட் பையன் எந்தச் சாமானும் வாங்கவில்லை, அதனால் நுகர்வோர் இல்லை. அவனுக்கு யாரும் கணக்காக வாக்கும் கொடுக்கவில்லை, அதனால் ஒப்பந்தமும் இல்லை. எத்தனை இடம் உண்மையில் காலி, எத்தனை பேரை எடுப்போம் என்பதை அறிவிப்பிலேயே கணக்காகச் சொல்லுங்கள் என்று அரசைக் கேட்பதுதான் அவனுக்கு நியாயமான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ரப்பர் பந்து விற்றவனிடம் 1892-ல் எதிர்பார்த்த தெளிவை, ஒரு அரசாங்கத்திடம் எதிர்பார்ப்பது அதிகமா?

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பி.காம் படித்த வங்கிக்காரன். உங்கள் கேஸுக்கு வக்கீலையோ நுகர்வோர் சங்கத்தையோ பாருங்கள். இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாராவது கேஸில் தோற்றால் 100 பவுண்டு தருவதாக நான் எங்கேயும் சொல்லவில்லை. எந்த வங்கியிலும் டெபாசிட்டும் போட்டு வைக்கவில்லை :-)